ஈயக் குண்டுக்குப் பவுடர் கோட்டிங்: மூன்று வருடம் கடலில் போட்டுப் பார்த்தபின்

கை கறுப்பாவதுதான் இதற்கெல்லாம் ஆரம்பம். சனி, ஞாயிறு ஆனால் குமரி மாவட்டக் கடற்கரையில் முட்டம் பாறையிலோ கடியபட்டணம் பக்கமோ தூண்டில் போடப் போய்விடுவேன், தூண்டில் நரம்பைத் தண்ணிக்குள் இழுத்துப்போகும் ஈயக் குண்டை வீட்டிலேயே வார்த்துக்கொள்வேன். வார்த்த அன்றைக்கு வெள்ளி மாதிரி மின்னும் ஈயம் ஒரு மாதத்தில் சாம்பல் பூத்து, தொட்ட விரலையெல்லாம் பென்சில் கரி பட்ட மாதிரி ஆக்கிவிடும். அந்தக் கையோடுதான் சாளையை வெட்டி இரை கோப்பது, திரும்பும் வழியில் அதே கையோடுதான் ஏத்தன்பழ பஜ்ஜி தின்பது. இவ்வளவு வரை உடம்புக்குள் போனால் பரவாயில்லை என்று ஈயத்துக்கு ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், சின்னப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அப்போது என் மகளுக்கு நான்கு வயது. ஒருநாள் தூண்டில் பையைத் திறந்து குண்டுகளைக் கோலி மாதிரி உருட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்காரி பேசியதை இங்கே எழுத முடியாது.

பெயின்ட் அடித்துப் பார்த்தேன், பாறையில் இரண்டு உரசலில் உரிந்துவிட்டது. அப்புறம்தான் இந்தக் குலுக்கல் முறை கண்ணில் பட்டது. வெளிநாட்டில் துப்பாக்கி சுடுகிறவர்கள் தாங்கள் வார்க்கும் ஈயத் தோட்டாக்களை டப்பாவில் பவுடரோடு போட்டுக் குலுக்கி ஓவனில் சுட்டெடுக்கிறார்கள், குழலுக்குள் ஈயம் ஒட்டக்கூடாது என்பதற்காக. நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம். எனக்குக் குலுக்குகிற வித்தை மட்டும் போதும்.

கேட், ஜன்னல் கம்பிக்கெல்லாம் அடித்துச் சூட்டில் பூச்சாக்கும் அதே பாலியெஸ்டர் பவுடர்தான். கடைகளில் அதை மின்சாரத் துப்பாக்கியால் அடிப்பார்கள், நமக்கு அது வேண்டாம், குலுக்கும்போது பிளாஸ்டிக்கும் பவுடரும் உரசி வருகிற நிலைமின்சாரமே ஒட்டவைத்துவிடும். டப்பா முக்கியம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் தயிர் டப்பா எனக்கு நன்றாக வேலை செய்தது, மற்றதில் பாதிதான் ஒட்டியது. கூடவே ஒரு கைப்பிடி சின்னப் பிளாஸ்டிக் உருண்டை போட வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று அலைந்து, கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடையில் பிள்ளைகளின் பொம்மைத் துப்பாக்கிக்கு விற்கும் மஞ்சள் உருண்டையில் வந்து நின்றேன். பத்துப் பன்னிரண்டு குண்டு, ஒன்றரை ஸ்பூன் பவுடர், மூடியை இறுக்கி இரண்டு நிமிடம் வட்டமாகக் குலுக்கினால் போதும். பவுடர் நிறையப் போட்டால் நன்றாக ஒட்டும் என்று நினைக்காதீர்கள், திட்டுத்திட்டாகத்தான் வரும். ஒவ்வொன்றின் காதிலும், அதாவது நரம்பு கட்டும் வளையத்தில், கம்பி கோத்து, பழைய மின்சார ஓவனில் தொங்கவிட்டு 200 டிகிரியில் இருபது நிமிடம். அந்த ஓவனில் அதற்குப் பிறகு தின்கிற பொருள் எதுவும் வைக்கக் கூடாது, என்னுடையது மாட்டுத்தொழுவத்துக்குக் குடிபோய்விட்டது.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது மழை. வெளிநாட்டில் செய்து காட்டுகிறவர்கள் காய்ந்த காற்றில் நின்று செய்கிறார்கள். நமக்கோ ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, நடுவில் கடல் காற்று. நான் முதன்முதலில் செய்தது ஜூன் மாதம், வெளியே தூறல். கை வலிக்கக் குலுக்கியும் பவுடர் ஈயத்தைத் தொட்டுவிட்டு அப்படியே உதிர்ந்தது. ஈரக்காற்றில் நிலைமின்சாரம் நிற்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை, பவுடர் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதே பவுடர் மாசி மாதம் மத்தியானத்தில் ஒரே குலுக்கில் பட்டுத்துணி மாதிரி ஒட்டியது. இப்போதெல்லாம் வருடத்துக்கு வேண்டிய குண்டு முழுவதும் தை, மாசியிலேயே முடித்துவிடுவேன்.

இன்னொரு அடி ஓவனுக்குள் விழுந்தது. ஈயம் உருக 327 டிகிரி வேண்டும், 200-ல் ஒன்றும் ஆகாது என்று நம்பித்தான் வைத்தேன். திறந்து பார்த்தால் நான்கு குண்டு மெழுகு மாதிரி தொங்கி, ஒன்று கம்பியை விட்டே வழிந்து தட்டில் கிடந்தது. யோசித்துப் பார்த்ததில், அந்தத் தடவை ரேடியோ ரிப்பேர் கடையில் வாங்கிய, வயரைப் பற்றவைக்கும் பழைய சால்டரை நிறையச் சேர்த்திருந்தேன். ஈயமும் வெள்ளீயமும் அந்த மாதிரிக் கலந்தால் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். அதனால் கோட்டிங்குக்கு வைத்திருக்கும் குண்டில் சால்டர் சேர்க்காதீர்கள். பேட்டரி ஈயம் எதற்குமே வேண்டாம், அதில் கிளம்பும் புகை ஆளைக் கொல்லும். வார்ப்பு திறந்த வெளியில், முகமூடியோடு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். என் முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது.

வெந்ததா இல்லையா என்று பார்க்க, ஒரு குண்டை எடுத்துச் சுத்தியலால் தட்டையாக அடிப்பேன். நன்றாக வெந்திருந்தால் ஈயம் நசுங்கும், தோல் கூடவே நசுங்கும், உரியாது. பெயின்ட் தின்னர் நனைத்த துணியால் தேய்த்து நிறம் தாராளமாக வந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். குலுக்குவதற்கு முன்னாடி குண்டைத் தின்னரில் கழுவிக் காயவைத்து, அப்புறம் கையுறையோடுதான் தொட வேண்டும். விரல் பட்ட இடத்தில் வழுக்கை விழும்.

சரி, மூன்று வருடத்தில் எப்படி உழைத்தது? மணல் கரையில் போடுகிற 90 கிராம் குண்டுகளில் முதல் வருடத்தவை இன்னும் ஏழெட்டு இருக்கின்றன, மூக்கில் மட்டும் தேய்ந்து ஈயம் எட்டிப்பார்க்கிறது, மற்ற இடமெல்லாம் அப்படியே. பாறையில் போடுகிறவை அவ்வளவு தாங்காது, ஆறேழு தடவையில் மூலைகள் வெளுத்துவிடும். உள்ளதைச் சொன்னால் பாறையில் ஒரு குண்டு ஆறேழு தடவை திரும்பி வருவதே அபூர்வம், கல்லிடுக்கில் மாட்டி நரம்பு அறுந்து போவதுதான் அதிகம். நிறத்தால் மீன் கூடுதலாகக் கடிக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. பாறையில் பக்கத்தில் உட்காரும் ஒரு அண்ணன் என் பச்சைக் குண்டைப் பார்த்து, "லேய் மக்கா, மீனுக்கு மாப்பிள்ளை பாக்கவா போற?" என்றார். அதே அண்ணன் போன தை மாதம் ஒரு பை குண்டைக் கொண்டுவந்து, "இதையும் குலுக்கித் தா" என்றார். அவருக்கும் கை கறுப்பாவது பிடிக்கவில்லை.

செலவு பெரிதில்லை. அரைக் கிலோ பவுடர் இரண்டு சீசனுக்கு வந்தது. ஆனால் வேலை உண்டு, கழுவி, காயவைத்து, குலுக்கி, சுட்டு என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போய்விடும். மாதம் இரண்டு குண்டு போதும் என்பவர் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

மனதில் உறுத்துவது அறுந்து போகும் குண்டுகள்தான். பூச்சு என் கையைக் காப்பாற்றுகிறது, கடலடியில் கிடக்கும் ஈயத்தை எத்தனை நாள் மூடிவைக்கும்? பிரிட்டனில் ஆற்று அன்னங்கள் ஈயக் குண்டை விழுங்கிச் செத்ததால் 1987-லேயே சிறிய குண்டுகளை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். அதனால் இந்த வருடம் பாறைக்குப் போகும்போது ஈயம் எடுப்பதில்லை, ஒர்க்‌ஷாப்பில் தூக்கிப்போடும் பழைய ஸ்பார்க் பிளக்குகளை இரண்டிரண்டாகக் கட்டிப் போடுகிறேன். தூரம் கொஞ்சம் குறைகிறது, மாட்டினால் வயிறு எரிவதில்லை. பச்சைக் குண்டுகளெல்லாம் மணல் கரைக்கு மட்டும்.