சிங்கப்பூர்ல டயர் எப்போ மாத்தணும்? ஆறு வருஷம், மூணு செட் டயர் ஓட்டுன அனுபவம்

டொரோண்டோல இருக்குற எங்க சித்தப்பா பையன் வருஷா வருஷம் நவம்பர் வாக்குல போன் பண்ணா, "அண்ணே, விண்டர் டயர் மாத்தியாச்சு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவான். பனி கொட்ட ஆரம்பிச்சப்புறம் மாத்துனா பத்தாதாடான்னு ஒருவாட்டி கேட்டேன். பனிக்கு மட்டும் இல்லண்ணே, குளிர் 7 டிகிரிக்கு கீழ எறங்கிட்டாலே சம்மர் டயரோட ரப்பர் இறுகிப் போய்டும், ரோடு காஞ்சு கெடந்தாலும் பிடிப்பு கொறையும், பனி விழுந்த அன்னைக்கு எல்லாரும் ஒரே நேரத்துல வொர்க்‌ஷாப் வாசல்ல நிப்பாங்க, அதுக்குள்ள முடிச்சிடணும்னான். கியூபெக்ல டிசம்பர் 1-லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம், இவன் இருக்குற ஒன்டாரியோல கட்டாயம் இல்ல, ஆனாலும் மாத்திடுறான்.

நமக்கு ராத்திரியே 25 டிகிரி, அந்த டயரை இங்க மாட்டுனா வெயில்ல சீக்கிரமே தேஞ்சிடும். ஆனா காலம் மாறுறதுக்கு முன்னாடியே டயரைப் பாக்குற அந்தப் பழக்கம் நமக்கும் வேணும்னு எனக்குப் புரிஞ்சது 2022 டிசம்பர்லதான்.

என் கார் 2017 நவம்பர்ல பதிவான சின்ன செடான், டயர் சைஸ் 205/55 ஆர் 16. 2019 கடைசில செகண்ட் ஹேண்டா வாங்குனேன், அப்போ கூட வந்ததுதான் முதல் செட். கோவிட் நேரத்துல வண்டி பெரும்பாலும் புளோக் கீழ பார்க்கிங்லயே நின்னுச்சு, அதனால பட்டன் (டயர் மேல இருக்குற பள்ளம் போட்ட ரப்பர்) மெதுவாத்தான் தேஞ்சுது. 2022 நவம்பர்ல இன்ஸ்பெக்‌ஷன் போனப்போ பாஸ் ஆயிடுச்சு, ஏன்னா சட்டப்படி குறைஞ்சது 1.6 மி.மீ பட்டன் இருந்தா போதும், என்னோடது 2.4 இருந்துச்சு. பாஸ் ஆயிடுச்சே, இனி கவலை இல்லன்னு நெனச்சிட்டேன்.

ஸ்கூல் லீவுக்கு மலேசியால இருக்குற ஈப்போ கெளம்பினோம், நான், வைஃப், ரெண்டு பிள்ளைங்க, பின்னாடி மாமியார், பூட் ஃபுல்லா பை. துவாஸ் தாண்டி நார்த் சவுத் ஹைவே ஏறி, யோங் பெங் தாண்டுனதும் சோன்னு மழை பிடிச்சுது, வைப்பர் ஃபுல் ஸ்பீட்ல அடிச்சும் முன்னாடி போற லாரியோட லைட் மட்டும்தான் தெரியுது. நான் 110 லிமிட்ல 90-ல தான் போய்ட்டு இருந்தேன். லேசான வளைவு, லேன்ல தண்ணி தேங்கி நின்னுச்சு, அதுல ஏறுனதும் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாயிடுச்சு, இஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி ஒரு பக்கமா மெதந்து போகுது. ரெண்டு செகண்ட்தான் இருக்கும். பிரேக்கை மிதிக்காம ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை மட்டும் எடுத்து ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சேன், மறுபடி ரோட்டைப் பிடிச்சுக்கிச்சு. மாமியார் "முருகா"ன்னது இன்னும் காதுல இருக்கு. ஹைவேல இளைப்பாற இருக்குற அடுத்த ஆர் அண்ட் ஆர்ல நிறுத்தி அரை மணி நேரம் உக்காந்திருந்தேன், கை நடுக்கம் நிக்கல.

ஊருக்கு வந்து நல்லா பாத்தப்போதான் ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ஒண்ணு, டயரோட உள்பக்க ஓரம் வெளிப்பக்கத்தை விட அதிகமா தேஞ்சிருந்துச்சு, அலைன்மென்ட் (சக்கரம் நிக்குற கோணம்) போயிருந்திருக்கு, வெளியில நின்னு பாத்தா அது தெரியாது, ஸ்டீயரிங்கை ஃபுல்லா ஒடிச்சு வெச்சு குனிஞ்சு பாக்கணும். இன்னொண்ணு வயசு. டயர் சைடுல டி.ஓ.டின்னு போட்டு கடைசில நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு நம்பர் எந்த வாரம்னு சொல்லும், அடுத்த ரெண்டு நம்பர் எந்த வருஷம்னு சொல்லும். என்னோடது 3517, அதாவது 2017-ல 35-வது வாரம் செஞ்சது. அஞ்சு வருஷம் நம்ம வெயில்ல நின்னு ரப்பர் கட்டையாயிருந்துச்சு, நகத்தை வெச்சு அழுத்துனா உள்ள போகவே இல்ல. டொரோண்டோல குளிர் செய்யற வேலையை இங்க வெயில் செய்யுதுன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு. டயரோட பள்ளம்தான் தண்ணியை வெளிய தள்ளுது, பள்ளம் ஆழம் இல்லன்னா தண்ணிக்குப் போக வழி இல்ல, டயர் தண்ணி மேலயே ஏறிக்குது.

2023 ஜனவரில ரெண்டாவது செட். பிராண்ட் பேர் சொல்லல, இது பிராண்ட் பத்தின பதிவு இல்ல. வாங்கும்போது ஈரத்துல பிடிப்பு எப்படின்னு மட்டும்தான் கேட்டேன். அந்த செட்டுக்கு நிஜமான பரீட்சை 2025 ஜனவரி 10, 11. மான்சூன் சர்ஜ், அதாவது பருவக்காத்து திடீர்னு வலுத்து கொட்டுற மழை, ரெண்டே நாள்ல சாங்கில 255.2 மி.மீ மழை, வழக்கமா ஜனவரி மாசம் முழுசுக்குமே 222.4 தான். அன்னைக்கு பி.ஐ.இ எக்ஸ்பிரஸ்வேல வேலைக்குப் போய்ட்டு வந்தேன், 60-70-லயே போனேன், தண்ணி தேங்குன எடத்துல லேசா இழுத்துச்சே தவிர ஒருவாட்டி கூட மெதக்கல. அப்போ பட்டன் 4.5 மி.மீ கிட்ட இருந்துச்சு.

அதுலேர்ந்து வீட்ல ஒரு வழக்கம், தீபாவளி முடிஞ்ச வாரம் டயரை அளக்குறது. அக்டோபர் நவம்பர்ல சாயங்கால இடி மழை, டிசம்பர் ஜனவரில வடகிழக்கு பருவமழை, அந்தப் பருவமழைக்கு முன்னாடி பாத்துடணும். பட்டன் அளக்குற கேஜ் சில வெள்ளிதான். உள்பக்கம், நடு, வெளிப்பக்கம்னு மூணு எடத்துல அளந்து எது கம்மியோ அதைத்தான் கணக்குல எடுத்துப்பேன், 3 மி.மீ-க்கு வந்துடுச்சுன்னா மாத்திடுவேன். பிப்ரவரில 3 வந்தா அவசரம் இல்ல, நவம்பர்ல 3 வந்தா அந்த வாரமே.

2025 தீபாவளிக்கு அளந்தப்போ 3.1. இங்கதான் வாக்குவாதம். என் சி.ஓ.இ (இங்க கார் வெச்சிருக்க வாங்குற பத்து வருஷ உரிமம்) 2027 நவம்பர்ல முடியுது. வொர்க்‌ஷாப் அங்கிள், "ரெண்டு வருஷம்தானே, அப்புறம் ஸ்கிராப், இன்னும் கொஞ்சம் ஓட்டு, இல்ல யூஸ்டு டயர் போடு"ன்னாரு. மச்சானும் அதையேதான் சொன்னான். சிங்கப்பூர்ல பத்து வருஷம் முடியப் போற காருல போட்டாக் (பட்டன் தேஞ்சு மொட்டையான) டயரோட எத்தனை பேர் ஓட்டுறாங்கன்னு கார்பார்க்ல நடந்து பாருங்க, வயிறு கலங்கும். வண்டிக்குத்தான் ரெண்டு வருஷம், உள்ள உக்காந்திருக்குற பிள்ளைங்களுக்கு இல்லையேன்னு சொல்லிட்டு நாலும் புதுசா போட்டேன். பக்கத்துல மலேசியா ஜோகூர் பாரு (ஜேபி)-ல விலை கம்மிதான், அங்கயும் விசாரிச்சேன், ஆனா அன்னைக்கு அவங்க காட்டுன டயர்ல டி.ஓ.டி நம்பர் ரெண்டரை வருஷம் பழசு, அதனால இங்கயே போட்டுட்டேன். அங்க வாங்குறது தப்பில்ல, மாட்டுறதுக்கு முன்னாடி அந்த நாலு நம்பரைப் பாத்துடுங்க.

பட்ஜெட் இடிச்சு ரெண்டு மட்டும் புதுசா போடுறீங்கன்னா பின்னாடி போடச் சொல்லுங்க. முன் வீல் டிரைவ் காருக்கு முன்னாடிதானே போடணும்னு நிறைய பேர் சொல்லுவாங்க. முன்னாடி வழுக்குனா வண்டி நேரா போகும், வேகம் கொறைஞ்சா சமாளிச்சிடலாம். பின்னாடி வழுக்குனா வண்டி சுத்திடும், நம்மள மாதிரி சாதாரண டிரைவரால அதைப் பிடிக்க முடியாது.

காத்து மாசத்துக்கு ஒருவாட்டி, காலைல டயர் சூடாகுறதுக்கு முன்னாடி. அஞ்சு பேரும் பையுமா லாங் போறப்போ டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல ஃபுல் லோடுக்கு போட்டிருக்குற காத்தழுத்த அளவு (பி.எஸ்.ஐ) பாத்து ஏத்திக்குவேன்.

போன டிசம்பர்ல மறுபடி ஈப்போ போனோம், அதே ரோடு, யோங் பெங் கிட்ட அதே மாதிரி மழை. 80-ல போனேன், மாமியார் பின்னாடி தூங்கிட்டே வந்தாங்க.