ஸ்டாங்கர் கரும்புக் கிராமங்களுக்கான கொள்கை ஆய்வுச் சேவை: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வட கடற்கரைப் பகுதியில், ஸ்டாங்கரைச் சுற்றியுள்ள சிறு கரும்பு விவசாயிகளாகிய எங்கள் சங்கம், டர்பனில் உள்ள தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் கிராமப் பொருளாதாரம் குறித்த ஓர் ஆய்வைச் செய்து வாங்கியது. இதே எண்ணத்தில் இருக்கும் பிற சங்கங்களுக்குப் பயன்படும் என்பதால் அச்சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

ஆய்வுக்கான தேவை வெளிப்படையானது. 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களின் மீது வரி வந்தது. டார்னல் ஆலை நின்றுபோனதால் கரும்பு வெகுதூரம் போக வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் அந்த ஆலையின் உரிமையாளரான டோங்காட் ஹியூலட் சர்க்கரை நிறுவனமே, கடன் நெருக்கடியிலுள்ள நிறுவனங்களுக்கான சட்டப்பூர்வ மீட்பு நடவடிக்கைக்குள் சென்றது. இத்தனைக்கும் பிறகு நகராட்சியிடம் சாலை கேட்டுப் போனால், இழப்புக்குக் கணக்கு எங்கே என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

களப்பணியைப் பொறுத்தவரை இந்நிறுவனத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு சிறு விவசாயியின் கரும்பை, வெட்டுவதற்கு முன் தோகையை எரிக்கத் தீ வைத்த வயலிலிருந்து ஆலையின் எடைமேடை வரை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஆலை எடையை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. கரும்பிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையின் அளவுதான் விலையைத் தீர்மானிக்கிறது, எரித்து வெட்டிய கரும்பு லாரிக்காகக் காத்துக் கிடக்கக் கிடக்க அந்த அளவு குறைந்துகொண்டே போகிறது. மழையில் மண்சாலை சேறாகி லாரி வராமல் போன வாரத்தின் பணச்சீட்டையும், சாலை காய்ந்திருந்த வாரத்தின் சீட்டையும் அறிக்கையில் அருகருகே அச்சிட்டு, வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் பிடித்த பின் கைக்கு வந்தது எவ்வளவு என்று காட்டியிருந்தார்கள். நகராட்சிக் கூட்டத்தில் உறுப்பினர்கள் அந்தப் பக்கத்தைத்தான் கையில் எடுத்துப் பேசினார்கள்.

நிலம் பற்றிய பகுதியும் நேர்மையானது. எங்கள் அண்டை சூலு விவசாயிகளின் நிலங்கள் சூலு மன்னரை அறங்காவலராகக் கொண்ட இங்கோன்யாமா அறக்கட்டளையின் வசம் இருப்பதால், அவற்றை அடமானம் வைத்து வங்கிக் கடன் பெற அவர்களுக்கு வழியில்லை என்பதை அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த விவசாயிகள் படிப்பதற்குச் சூலு மொழியில் ஒரு சுருக்கம்கூட இல்லை; நாங்கள் வற்புறுத்திய பிறகே கிடைத்தது.

பரிந்துரைகள் ஏமாற்றம் தந்தன. சுற்றுலா விடுதி கட்டுங்கள் என்பது எந்த ஊருக்கும் எழுதக்கூடிய யோசனை. மக்கடேமியா என்னும் கொட்டை மரத்தைப் பயிரிடச் சொல்கிறார்கள். அது பலன் தர நாலைந்து ஆண்டுகளாவது ஆகும், அதுவரை குடும்பம் எதைக் கொண்டு பிழைக்கும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. 1925 முதல் மவுண்ட் எட்ஜ்கம்பில் இயங்கிவரும் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் களஅலுவலர்களிடம் ஒரு நாள் பேசியிருந்தால்கூட இப்பகுதி வேறு விதமாக அமைந்திருக்கும்.

பெரிய குறை காலதாமதம். 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியும் தன் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும், அதில் மக்களின் கருத்தையும் கேட்க வேண்டும். நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குவதால், அத்திட்டத்தின் வரைவு மார்ச் மாத இறுதிக்குள் மன்றத்தின் முன் வந்துவிடுகிறது. எங்கள் அறிக்கையோ ஜூனில்தான் வந்தது. நல்ல கணக்கு கையில் இருந்தும் சாலைக்கான ஒதுக்கீட்டைக் கேட்க இன்னோர் ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

களஆய்வுக்காக இந்நிறுவனத்தையே மீண்டும் அமர்த்துகிறோம். பரிந்துரைப் பகுதியைச் சங்கமே எழுதும். இறுதி அறிக்கை பிப்ரவரிக்குள் வந்தால்தான் மீதித் தொகை என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறோம்.