பழைய கேஸ் வெல்டிங் செட்டை ‘சர்வீஸ்’ செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

கோத்தகிரியில் பட்டறை நடத்திய எங்கள் தாய்மாமா காலமானபின், அவருடைய கேஸ் வெல்டிங் செட் எங்களிடம் வந்து சேர்ந்தது. சாரலும் பனிமூட்டமும் தடையின்றிப் புகும் கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்தது என்பதால், பயன்படுத்தத் தக்கதுதானா என்று பார்த்துச் சொல்லுமாறு கோவையில் ஒரு கடையில் ஒப்படைத்தோம். ஆக்சிஜன் சிலிண்டருக்கு நீரழுத்தச் சோதனை செய்ததாகவும், வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர்களில் டயாபிரம் என்ற ரப்பர்த் தகடும், வால்வு அமரும் சீட்டும் மாற்றியதாகவும் எழுதிய பில்லோடு எல்லாம் பளபளவென்று திரும்பி வந்தன. பெயின்ட் வேலையில் குறை சொல்ல முடியாது.

சிலிண்டரை நிரப்பக் கொண்டுபோன இடத்தில் வாங்க மறுத்தார்கள். சோதனையில் தேறிய சிலிண்டரின் தோள்பகுதியில் அந்த நாள் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையதில் தடித்த கறுப்புப் பெயின்டுக்கு அடியில் இருந்தது மாமா காலத்துப் பழைய நாள் மட்டுமே. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தச் சோதனை வேண்டும், கெடு தாண்டிய சிலிண்டரை நிரப்பக் கூடாது என்பது விதி. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தத்தில் வாயு அடைக்கப்படும் சிலிண்டரில், உட்சுவரைத் துரு தின்றிருந்தால் வெளியே எதுவும் தெரியாது.

ரெகுலேட்டர்களின் நிலை இதைவிட மோசம். தேயிலைத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் காட்டியபோது, ஆக்சிஜன் ரெகுலேட்டரின் மரையைத் தடவிப் பார்த்த விரலை முகர்ந்துவிட்டு, “கிரீஸ் போட்டிருக்கானுங்க தம்பி, இதை மாட்டித் திறந்திருந்தா மூஞ்சியே போயிருக்கும்” என்றார். உயரழுத்த ஆக்சிஜன் எண்ணெய்ப்பசையில் பட்டால், தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடும். பிரித்துப் பார்த்தால், மாற்றியதாகச் சொன்ன டயாபிரம் விறைத்து வெடிப்பு விட்ட அதே பழைய ரப்பர். எரிவாயுவான அசிட்டிலின் போகும் சிவப்பு ஹோஸில் அறுந்த இடத்தைச் செம்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டியிருந்தார்கள்; அசிட்டிலின் செம்போடு சேர்ந்தால், இலேசான அதிர்ச்சிக்கே வெடிக்கும் சேர்மம் உண்டாகும் என்பது இத்தொழிலில் கால்வைத்தவர் எவரும் அறிந்திருக்க வேண்டிய பாடம். தீ பின்னோக்கி ஹோஸுக்குள் பாய்வதைத் தடுக்கும் பிளாஷ்பேக் அரெஸ்டர் மாமாவின் செட்டில் இருந்ததில்லை. அதைப் பொருத்தச் சொல்லி ஒரு வார்த்தைகூட அந்தக் கடையிலிருந்து வரவில்லை.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, “பழசுன்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்று முடித்துக்கொண்டார்.

இத்தகைய செட்டைக் கொடுப்பவர்கள், சிலிண்டரின் எண் குறிக்கப்பட்ட சோதனைச் சான்றிதழையும், கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் தர மறுக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். ரெகுலேட்டர், ஹோஸ் இரண்டையும் நாங்கள் புதிதாகவே வாங்கிவிட்டோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை கோவையில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம் என்பதால், பில்லையும் அந்தப் பழைய டயாபிரத்தையும் சேர்த்து ஊட்டியில் மனு கொடுக்க இருக்கிறோம்.