எந்த வொலட் என்பதற்கு முதல், எந்தக் கள்ளன்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் மகன் வெள்ளவத்தைக்கு வந்திருந்தான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறான், காசு யூஎஸ்டிடியாக, அதாவது டொலர் மதிப்போடு ஒட்டிய கிரிப்டோவாக, பைனான்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறது. வந்ததும் வராததுமாக, "அண்ணா, பைனான்ஸிலேயே கிடக்கட்டுமா, இல்லாட்டி சொந்தமா வைக்க லெட்ஜர் கருவி ஒண்டு வாங்கட்டுமா? எது சேஃப்?" என்று கேட்டான். "யாரிட்ட இருந்து?" என்று நான் திருப்பிக் கேட்டேன். நக்கல் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

நக்கல் இல்லை. பூட்டு வாங்கப் போனால் கேற்றுக்கா, அலுமாரிக்கா, சைக்கிளுக்கா என்று கடைக்காரரே கேட்பார். கிரிப்டோவில் மட்டும் அதை யாரும் கேட்பதில்லை. கள்ளரில் பல வகை உண்டு. கம்பனியை உடைக்கிறவன் ஒருவன், உங்கள் போனுக்குள் இறங்குகிறவன் ஒருவன், உங்கள் கையாலேயே சாவியைத் தர வைக்கிறவன் ஒருவன், நேரே வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் ஒருவன். உங்களுடைய மறதியையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள், அது மற்றவர்களுக்குச் சளைத்ததில்லை. வொலட் என்பது உங்கள் கிரிப்டோவைத் திறக்கும் இரகசியச் சாவியை வைக்கிற இடம்; எதை எடுத்தாலும் ஒருவனுக்குக் கதவு சாத்தும், இன்னொருவனுக்குத் திறந்து கிடக்கும்.

முதலில் எக்ஸ்சேஞ், கிரிப்டோவை வாங்க, விற்க, வைக்க இடம் தரும் பைனான்ஸ் போன்ற கம்பனி. அங்கே சாவி உங்களிடம் இல்லை, நீங்கள் பார்க்கிற தொகை கம்பனி உங்களுக்குத் தரவேண்டிய கடன், அவ்வளவுதான். 2014 பெப்ரவரியில் மவுண்ட் கொக்ஸ் படுத்தபோது ஏறத்தாழ 8,50,000 பிட்கொயினைக் காணவில்லை; ஆட்களுக்கு அதில் ஒரு பகுதி நாணயமாகத் திரும்பி வரத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருடம்! ஆனால் 2019 மே மாதம் பைனான்ஸிலிருந்து 7,000 பிட்கொயின் களவு போனபோது கம்பனியே தன் கையிலிருந்து போட்டு ஈடுசெய்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சரிந்ததற்குக் காரணம் வெளிக்கள்ளனே இல்லை, வாடிக்கையாளர் காசை உள்ளேயே எடுத்துப் புழங்கிவிட்டார்கள். உங்களுடைய எக்ஸ்சேஞ் இதில் எந்த ரகம் என்பது விடியும் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இங்கே இருக்கிற நமக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கிரிப்டோத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி பல தடவை அறிவித்திருக்கிறது, 2021இல் வந்த பணிப்புரையின்படி டெபிட், கிரெடிட் கார்டால் வாங்கவும் வழியில்லை. ஆகவே பலரும் பீ2பீ என்று முகம் தெரியாத ஒருவருடைய கணக்குக்கு ரூபாவைப் போட்டுத்தான் வாங்குகிறார்கள். இப்படி வாங்கிய காசு தொலைந்தால் கொழும்பில் போய் முறையிட ஒரு கவுண்டர் கிடையாது.

இதெல்லாம் சரி, ஆனால் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு நியாயம் உண்டு, சொன்னால் கிரிப்டோ ஆட்கள் ஏசுவார்கள்: பாஸ்வேர்ட்டை மறந்தால் அடையாள அட்டையைக் காட்டி மீட்கலாம். சொந்தமாகச் சாவி வைத்திருக்கிறவருக்கு அந்த வழியே இல்லை. வேல்ஸில் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவருடைய ஹார்ட் டிஸ்க் 2013இல் குப்பையோடு போய்விட்டது, உள்ளே சுமார் 8,000 பிட்கொயின். ஸ்டெஃபன் தோமஸ் என்பவர் 7,002 பிட்கொயினைப் பூட்டி வைத்த டிரைவின் பாஸ்வேர்ட்டை மறந்துவிட்டார். பத்துத் தடவை பிழைத்தால் அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். இரண்டிலும் கள்ளனே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை வீட்டுச் சாவியைத் தேடுகிற ஆளாக இருந்தால் நீங்கள் எக்ஸ்சேஞ்சிலேயே வையுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வைக்கிற விதம் ஒன்று இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை நம்பியிருந்தால் உங்கள் காவல்காரன் சிம் கார்ட் கம்பனியின் கவுண்டரில் இருக்கும் பிள்ளைதான்; அந்தப் பிள்ளையை ஏமாற்றி உங்கள் நம்பரை வேறொரு சிம்முக்கு மாற்றினால் ஓடிபி கள்ளனுக்குப் போகும். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழுவின் எக்ஸ் கணக்கையே சிம் மாற்றி எடுத்துப் பொய்ச் செய்தி போட்டார்கள், நாங்கள் எம்மாத்திரம்? போனிலேயே ஆறு இலக்க நம்பரை உண்டாக்கும் ஓதென்டிகேட்டர் அப் அதைவிட நல்லது, என்றாலும் போலி வெப்சைட்டில் அந்த ஆறு இலக்கத்தையும் நீங்களே தட்டிக் கொடுத்துவிட முடியும். பாஸ்வேர்ட்டுக்குப் பதிலாகப் போனிலேயே பதிந்து வைக்கும் பாஸ்கீ அப்படி இல்லை, பதிந்த தளத்தின் முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேலை செய்யாது. வசதி இருந்தால் அதையே போடுங்கள். காசு வெளியே போகும் முகவரிகளை முன்கூட்டியே பதிந்து வைத்து, வேறு எதற்கும் போகாதபடி பூட்டுகிற செட்டிங்கையும் போடுங்கள். ஈமெயிலுக்கும் இதே பூட்டு வேண்டும். ஈமெயில் போனால் எல்லாம் போச்சு.

அடுத்தது போன் வொலட், மெட்டாமாஸ்க், ட்ரஸ்ட் வொலட் வகை. சாவி உங்களுடையது, கம்பனி படுத்தாலும் கவலை இல்லை. ஆனால் சாவி இருக்கிற அதே போனில்தான் பிள்ளையின் கேம், கடன் தரும் அப், வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஃபைல் எல்லாம் இருக்கின்றன. 2022 ஓகஸ்டில் சொலானா என்ற கிரிப்டோவின் வொலட்டுகள் ஆயிரக்கணக்கில் காலியாயின. ஸ்லோப் என்ற அப், பாவித்தவர்களுடைய சீட் சொற்களை, அதாவது சாவியைத் திரும்ப உண்டாக்கும் 12 அல்லது 24 சொற்களை, தன் சேர்வருக்கு மறைக்காமலே அனுப்பிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. 2025 பெப்ரவரியில் வைரஸ் தடுப்புக் கம்பனி கஸ்பர்ஸ்கி வெளியிட்ட ஸ்பார்க்கெட் விவகாரம் இன்னும் மோசம்: கூகுள் பிளேயில் மட்டுமில்லை, அப்பிளின் ஸ்டோரிலும் இருந்த அப்கள், கலரிப் படங்களில் உள்ள எழுத்தை வாசித்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தன. ஐபோன்காரர் இனி அதிகம் கதைக்க வேண்டாம்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் 2021இல் நானும் 12 சொற்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தவன்தான். 610 டொலர் அளவு இருந்தது. ஒரு காலை எழும்பிப் பார்த்தால் பூச்சியம், இரவு 3:12க்கு ஒரே அனுப்பலில் முழுதும் போயிருக்கிறது. படம் கூகுள் ஃபோட்டோஸுக்குத் தானாக ஏறியிருந்தது, அந்தக் கணக்கு ஒரு பழைய லப்டொப்பிலும் திறந்து கிடந்தது, பழைய போனை வேறு சரியாக அழிக்காமல் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். எந்த ஓட்டையால் போனது என்று இன்றைக்கும் தெரியாது. அவ்வளவு ஓட்டைகளை வைத்துக்கொண்டு யாரைக் குறை சொல்வது?

சரி, லெட்ஜர், ட்ரெசர் போன்ற ஹார்ட்வெயார் வொலட். இதில் சாவி கருவியை விட்டு வெளியே வராது, அனுப்பலுக்குச் சாவி போடும் கையொப்பம் மட்டும் வெளியே வரும், ஆகவே போன் முழுக்க வைரஸ் என்றாலும் சாவி தப்பும். தம்பிக்கு என்னுடையதைக் காட்டினேன். பத்து யூஎஸ்டிடி அனுப்புவதாக வைத்து, முகவரியை கொப்பி பண்ணி ஒட்டச் சொன்னேன். அவன் போனைப் பார்க்கிறான், நான் கருவியின் தீப்பெட்டி அளவுத் திரையைப் பார்க்கிறேன். ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொன்னேன். "சைபர், எக்ஸ், ஏழு, ஏ..." என்று தொடங்கியவன் ஆறாவதில் சலித்து, "கடைசி நாலும் சரிதானே அண்ணா" என்றான். அந்தச் சலிப்பை நம்பித்தான் ஒரு கூட்டமே பிழைக்கிறது. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் தலையும் வாலும் ஒத்திருக்கிற மாதிரி ஒன்றைச் செய்து, அதிலிருந்து சில்லறை அனுப்பி உங்கள் வரலாற்றில் நுழைத்து வைப்பார்கள். 2024 மே மாதம் ஒருவர் அப்படி வரலாற்றிலிருந்து கொப்பி பண்ணி 1,155 ராப்ட் பிட்கொயினை (பிட்கொயின் மதிப்போடு ஒட்டிய டோக்கன்), கிட்டத்தட்ட 6.8 கோடி டொலரை, கள்ளனுக்கு அனுப்பினார். பெரும்பகுதி பிறகு திரும்பி வந்தது அவருடைய அதிர்ஷ்டம். நடு எழுத்துகளையும் பாருங்கள்.

லெட்ஜரா ட்ரெசரா என்றால், நானோ எஸ் பிளஸ், ட்ரெசர் சேஃப் 3 இரண்டும் வெளிவந்தபோது 79 டொலர்தான், விலையில் சண்டை இல்லை. லெட்ஜரில் பாதுகாப்புச் சிப் ஆரம்பத்திலிருந்தே உண்டு, பின் நம்பரை மூன்று தடவை பிழையாக அடித்தால் அழிந்துவிடும். ஆனால் உள்ளே ஓடும் மென்பொருளை வெளியார் முழுதாகப் பார்க்க முடியாது. ட்ரெசரின் மென்பொருள் திறந்து கிடக்கிறது, பழைய மொடல்களில் அந்தச் சிப் இல்லை. 2020 ஜனவரியில் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் ஆய்வுக்கூடம், பழைய ட்ரெசர் கையில் கிடைத்தால் 15 நிமிடத்தில் சீட்டை எடுக்கலாம் என்று காட்டியது. சீட் சொற்களுக்கு மேலதிகமாக நீங்களே வைக்கும் ஒரு இரகசியச் சொல்லை, பாஸ்ஃப்ரேஸை, போட்டிருந்தால் அது பலிக்காது. சேஃப் 3இல் சிப் வந்துவிட்டது. லெட்ஜர் 2023 மே மாதம் அறிவித்த ரிக்கவர் சேவை, சீட்டை மறைகுறியாக்கி மூன்று துண்டாக மூன்று கம்பனிகளிடம் கொடுப்பது, விருப்பமானவர்களுக்கு மட்டும்தான். ஆனாலும் "அப்படியென்றால் சாவி வெளியே வர முடியும்தானே" என்று பலர் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. என் கைக்கு ட்ரெசர். ஐபோனோடு மட்டும் வாழ்கிறவருக்கு புளூடூத் உள்ள லெட்ஜர் லேசு, அதற்கு மேல் இதில் பெரிய வித்தியாசம் பார்க்காதீர்கள்.

வாங்குகிற இடத்தில்தான் பார்க்க வேண்டும். செகன்ட்ஹாண்ட் வேண்டாம், பெட்டி திறந்தது வேண்டாம், சொற்கள் ஏற்கெனவே அச்சடித்த அட்டையோடு வந்தால் அது கள்ளன் தந்த கருவி. நேரே கம்பனியிடம் எடுத்து, வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் கொடுத்துவிடச் சொல்வது நல்லது. வீட்டு முகவரி கொடுக்காமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. 2020 டிசம்பரில் லெட்ஜர் வாங்கிய சுமார் 2,72,000 பேருடைய பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் இணையத்தில் கொட்டப்பட்டன, சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது. கதவைத் தட்டுகிறவனுக்கு அந்தப் பட்டியல் போதும். 2025 ஜனவரியில் பிரான்சில் லெட்ஜரை ஆரம்பித்தவர்களில் ஒருவரான டேவிட் பலானையே கடத்தி விரலை வெட்டினார்கள். ஒஃபிசில் லன்ச் நேரத்தில் லாபக் கணக்குச் சொல்லாமல் இருப்பது எந்தக் கருவியை விடவும் மலிவு.

ஹார்ட்வெயார் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நினைப்பவர்கள் பைபிட் எக்ஸ்சேஞ்சைப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் சுமார் 150 கோடி டொலர் எதேரியம் போனது. ஹார்ட்வெயார் கருவிகளும் இருந்தன, பலர் சேர்ந்து கையொப்பமிடும் மல்டிசிக்கும் இருந்தது. கணினித் திரையில் காட்டியது ஒன்று, கையொப்பம் விழுந்தது வேறொன்றில், கருவியின் சின்னத் திரையில் புரிகிற மாதிரி எதுவும் தெரியவில்லை. "இலவச ஏர்ட்ரொப்" என்று நாணயத்தைச் சும்மா தருவதாகச் சொல்லும் பக்கத்தில் உங்கள் வொலட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது நடப்பதும் சின்ன அளவில் இதுதான். சீட் பத்திரமாக இருக்கும், யூஎஸ்டிடி இருக்காது. ஆகவே சேமிப்பு ஒரு வொலட், புது வெப்சைட்டுகளோடு இணைக்க இன்னொன்று. கலக்காதீர்கள்.

மல்டிசிக்கை வீட்டு அளவில் செய்தால் எங்கள் ஆட்களுக்கு அது பொருந்திப் போகிறது: மூன்றில் இரண்டு சாவி வேண்டும் என்று வைத்து, ஒன்று கொழும்பில், ஒன்று யாழ்ப்பாணத்தில் அம்மாவிடம், ஒன்று ஸ்காபரோவில் அக்காவிடம். வீட்டுக்கு வந்தவன் கழுத்தில் கத்தி வைத்தாலும் அங்கே ஒரு சாவிதான் இருக்கிறது. ஆனால் பிட்கொயினில் ஒரு பொறி உண்டு: மூன்றின் பொதுச் சாவிகளும் அடங்கிய விபரக் கோப்பை ஒவ்வொரு இடத்திலும் வைக்காவிட்டால், ஒரு சீட் தொலைந்த அன்று மிச்ச இரண்டு சீட்டும் கையில் இருந்தாலும் காசைத் திறக்க முடியாமல் போகலாம். தம்பியின் தொகைக்கு இது யானைக்குப் போடும் சங்கிலி. ஒரு மாதச் செலவுக்கு எக்ஸ்சேஞ்சில், மிச்சம் ஹார்ட்வெயாரில் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் அந்தச் சொற்கள். எந்தக் கருவி வாங்கினாலும் கடைசியில் எல்லாம் 12 அல்லது 24 சொற்களில் வந்து நிற்கிறது, கருவி உடைந்தால் வேறு வாங்கலாம், சொற்கள் போனால் கதை முடிந்தது. ஜெல் பேனாவால் ஒரு தாளிலும் பென்சிலால் இன்னொன்றிலும் எழுதி, பேசினில் தண்ணீர் விட்டு ஒரு மணித்தியாலம் ஊறவைத்துப் பார்த்தோம். ஜெல் மை நீலப் புகையாய்க் கரைந்துவிட்டது, பென்சில் எழுத்து அப்படியே கிடந்தது, தாள்தான் கூழாகும் நிலை. களனி கங்கை பெருகி 2016 மே மாதம் கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கியதை நினைத்தால் இது விளையாட்டில்லை. வங்கி லொக்கர் வெள்ளத்துக்கும் வீட்டுக் கள்ளனுக்கும் நல்லது, ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு உதவாது. லொக்கரில் ஒன்று, வீட்டில் இரும்பில் ஒன்று என்பது என் ஏற்பாடு.

இரும்பில் அடிப்பது பெரிய வித்தையில்லை. பட்டியலில் இருக்கிற 2,048 சொற்களில் எதுவும் முதல் நான்கு எழுத்தில் இன்னொன்றோடு ஒத்துப்போகாது, ஆகவே 12 சொல்லுக்கு 48 எழுத்து போதும். செட்டியார் தெருவில் தட்டார் யாரிடமாவது கொடுத்து அழகாகச் செதுக்கலாமே என்று தம்பி கேட்டான், பார்வையாலேயே பதில் சொன்னேன். ஹார்ட்வெயார் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் ஒன்றும் எவர்சில்வர் தகடும் வாங்கி வந்து, அம்மிக்கல்லில் வைத்து அவனே அடித்தான். பத்தொன்பதாவது எழுத்தில் மேல்மாடி அன்ரி இறங்கி வந்து, "என்ன தம்பியவை, காலையில இருந்து தட்டுறியள்?" என்று கேட்டா. கதவு நம்பர் அடிக்கிறோம் என்று சொல்லித் தகட்டைக் கவிழ்த்து வைத்தான். இப்போது தன்ர வீட்டுக்கும் ஒன்று அடித்துத் தரட்டாம்.