நீலகிரித் தைலம் கேன் கணக்கில் வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்

7,500 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. தைலம் என்று ஏமாற்றி விற்ற அந்த ஆள் இன்றைக்குக் காலையில்கூடப் புது வீடியோ போட்டிருக்கிறான்.

ஈரோடு பக்கம் சின்னதாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்தால் எங்களிடம் யூகலிப்டஸ் தைலம்தான் ஓடும். சளி, தலைபாரம், மூட்டுவலி என்று வருகிறவர்கள் சின்னச் சின்ன பாட்டிலாக வாங்கிப் போவார்கள். வழக்கமாகக் கொடுக்கிறவர் இந்த வருஷம் சரக்கு இல்லை என்று கைவிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, "காய்ச்சும் இடத்திலிருந்து நேரடியாக" என்று வீடியோ போட்டு விற்கிற ஒரு பக்கம் கண்ணில் பட்டது.

போன் பண்ணினேன். விலையைப் பற்றி அவன் முதலில் பேசவே இல்லை. 1843ல் காட்டன் என்ற வெள்ளைக்காரக் கேப்டன் இந்த மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தது, விறகுப் பஞ்சம் தீர மலையெங்கும் நட்டது, ஆஸ்திரேலியாவில் பொசிஸ்டோ என்பவர் 1852ல் எண்ணெய் காய்ச்சுவதைத் தொழிலாகத் தொடங்கியது, எல்லாம் சொன்னான். இலையைப் பொறுக்கி மூட்டை கட்டி வருவது, டிரம்மில் போட்டு ஆவியில் வேகவைப்பது, அந்த ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து இறங்குவது, தண்ணீருக்கு மேல் தைலம் தனியாக மிதப்பது. நூறு கிலோ இலைக்கு ஒரு லிட்டர் கிடைத்தாலே பெரிது என்றான். சொன்னது அத்தனையும் உண்மைதான்! அப்புறம் வீடியோ காலில் வந்து, புகை மண்டிய கொட்டகைக்குள் குழாய் நுனியில் தைலம் சொட்டுவதைக் காட்டினான். "இப்ப சொட்டுது பாருங்கண்ணா, இதுலயே உங்களுக்குப் பிடிச்சு அனுப்பறேன்" என்றான். ஐந்து லிட்டருக்கு 7,500 ரூபாயையும் அப்போதே அனுப்பினேன். தொழிலை இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

கேன் வந்தது. மூடியைத் திறந்ததும் வாசம் தூக்கலாகத்தான் இருந்தது. பாட்டில்களில் ஊற்றிக் கொஞ்சம் விற்றும்விட்டோம். ஆவி பிடிக்க வாங்கிப் போன பாட்டி ஒருவர் மறுநாள் திரும்பி வந்து, "மண்ணெண்ணெய் வாடை அடிக்குது கண்ணு" என்றார். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நல்ல தைலம் காற்றில் பறந்துவிடும், தாளில் பிசுக்கு நிற்காது. இதுவோ மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தது, பின்பக்கத்து எழுத்து தெரிகிற அளவுக்கு. ஃபார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கும் நண்பரிடம் கொடுத்தேன். 70 சதவீத ஆல்கஹாலைத் தைலத்தைப் போல ஐந்து மடங்கு ஊற்றினால் நல்ல தைலம் தெளிவாகக் கரைய வேண்டுமாம். என்னுடையது சோதனைக் குழாயில் பால் மாதிரி கலங்கி நின்றது.

அவனைக் கேட்டால், "கீழ வெயில்ல வாசம் மாறுங்ணா" என்றான். அடுத்து, "நல்லா குலுக்கிட்டு யூஸ் பண்ணுங்க." அடுத்து, சீல் பிரித்தால் ரிட்டர்ன் கிடையாதாம். பிரிக்காமல் எப்படி ஐயா முகர்ந்து பார்ப்பது? அப்புறம் ஒரு பெண் எடுத்து "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்றார். அந்த மீட்டிங் இன்னும் முடியவில்லை. வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன், அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டான். 7,500 ரூபாய் சின்னக் கடைக்குச் சின்னப் பணம் இல்லை.

பணத்தைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. அவன் பக்கத்தில் "குழந்தைக்குச் சளி என்றால் பாலில் இரண்டு சொட்டு" என்று எழுதி வைத்திருக்கிறான். சுத்தமான தைலமே வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கில் தடவுவதே ஆபத்து. இவன் விற்கிற கலப்படத்தைப் பாலில் விடச் சொல்கிறான்!

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். முதலில் ஐம்பது மில்லி சாம்பிள் கேளுங்கள், தாளில் விட்டுப் பாருங்கள். தண்ணீரில் மிதப்பதைக் காட்டினால் நம்பாதீர்கள், மண்ணெண்ணெயும் மிதக்கும். பில் தராதவனிடம் வாங்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். எங்கள் கடையில் இந்த மாதம் தைலம் வாங்கியவர்கள், பாதி தீர்ந்திருந்தாலும் சரி, பாட்டிலைக் கொண்டுவந்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை யாரும் அதை ஆவி பிடிக்க வேண்டாம்.