விழுங்குவதைச் சோதித்தார்கள், எடையைப் பார்க்கவில்லை

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படும் அப்பாவுடன் இருப்பதற்காக மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்தேன். காணொளி அழைப்பில் முகம் மட்டுமே தெரியும் என்பதால், அவரைக் கைத்தாங்கலாக எழுப்பியபோதுதான் தோள் எலும்பு என் உள்ளங்கையில் தட்டுப்பட்டது.

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையில் விழுங்கும் திறனை அக்கறையோடுதான் சோதித்திருந்தார்கள். புரையேறாமல் இருக்கக் கூழாக அரைத்த உணவும் கெட்டியாக்கிய நீரும் தரச் சொல்லி, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வைக்கவும் அம்மாவைப் பழக்கியிருந்தார்கள். ஆனால் மூன்று மாதக் கோப்பில் எடை ஒரே ஒரு முறை, அவரைச் சேர்த்த அன்று, 64 கிலோ என்று பதிவாகியிருந்தது. இதைக் கேட்டபோது இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் சரியாக இருக்கிறது என்றார்கள். அல்புமின் அளவு அழற்சியாலும் உடலின் நீர்நிலையாலும் மாறக்கூடியது. ஒருவர் போதிய அளவு சாப்பிடுகிறாரா என்பதை அது சொல்லாது. அந்தப் பதிலில் எனக்கு மிகுந்த வருத்தம்.

அடுத்து நாங்கள் சென்ற மறுவாழ்வு மையத்தில் உணவியல் நிபுணரும் விழுங்குதல் சிகிச்சையாளரும் ஒன்றாக அமர்ந்து அப்பாவைப் பார்த்தார்கள். எடை 56 கிலோ, அதாவது மூன்று மாதத்தில் 12.5 சதவீத இழப்பு. ஊட்டச்சத்துக் குறைபாட்டு அபாயத்தை அளக்கும் 'மஸ்ட்' என்ற மதிப்பீட்டில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட இழப்புக்கே 2 மதிப்பெண் உண்டு. உடல் நிறைக் குறியெண் (பிஎம்ஐ) 20க்குச் சற்றுக் கீழே இருந்ததால் மேலும் ஒன்று சேர்ந்தது. 2 வந்தாலே அபாயம் அதிகம் என்று பொருள். அப்பாவுக்கு 3 வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. அம்மாவை அரைத்துக் காட்டச் சொன்னார்கள். மிக்ஸியில் எளிதாகச் சுற்றுவதற்காக அவர் ஊற்றிய தண்ணீர் கிண்ணத்தை நிறைத்ததே தவிர, உணவைக் கூட்டவில்லை. அப்பா ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டும் முன்பு உண்டதில் பாதிச் சத்தே உள்ளே போயிருக்கிறது. தண்ணீருக்குப் பதில் பாலும், அதோடு பால்பொடியும் எண்ணெயும் சேர்த்து அரைக்கவும், சாப்பிட்டே களைத்துப்போகும் மூன்று பெரிய வேளைகளை ஆறு சிறு வேளைகளாகப் பிரிக்கவும் சொன்னார்கள். கெட்டியாக்கிய நீரை அவர் வெறுத்து ஒதுக்கியதால் நீரிழப்பும் இருந்தது. 10 மில்லி சிரிஞ்சில் அந்தக் கெட்டியாக்கிய நீரை நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, மீதியை அளந்து பார்த்ததில், அம்மா தேவையைவிடக் கெட்டியாகக் கலக்கியது தெரியவந்தது. பல மாதம் குறைவாக உண்டவருக்குத் திடீரென உணவைக் கூட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதால், பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளைப் பார்த்த பிறகே படிப்படியாகக் கூட்டினார்கள்.

எடை இன்னும் இறங்கினால் மூக்குவழிக் குழாய், அது நான்கு வாரத்தைத் தாண்டும் என்று தோன்றினால் வயிற்றில் நேரடிக் குழாய் என்று விளக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து அவருடைய விருப்பத்தைக் கேட்டார்கள். முடிந்தவரை வாயால் சாப்பிடுகிறேன் என்று அவர் மெதுவாகச் சொன்னதை அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டார்கள். நான் கிளம்பிய அன்று எடை 56.8 கிலோ. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அம்மா எடையைக் குறித்து எனக்கு அனுப்புகிறார்.