ஒரு வரைபடம், ஐந்து கைகள்: குழுவுக்கு எந்த மென்பொருள்?

மதுரையில் ஒரு வார்டில் தெருக்குழாய்கள் எங்கே இருக்கின்றன, எதில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று ஐந்து மாணவர்கள் கணக்கெடுத்தார்கள். நானும் கூட இருந்தேன். எந்த மென்பொருள் என்று பேச்சு வந்ததும், எதில் வரைபடம் அழகாக வரும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் யாருடைய திருத்தம் தங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கூகுள் மை மேப்ஸ் அந்தக் கேள்வியில் தேறிவிடும். இணைப்பை அனுப்பினால் போதும், ஐவரும் ஒரே வரைபடத்தில் புள்ளி வைக்கலாம். அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஆனால் குழாய், வீடு என்று தரவை வகை வகையாகப் பிரித்து வைக்கும் அடுக்குகள் 10-க்கு மேல் ஏற்காது. குழாயிலிருந்து 200 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் என்று கேட்டால் கையை விரித்துவிடும். புள்ளி வைக்க அது கரும்பலகை, அவ்வளவுதான்.

இப்படிக் கணக்குப் போட கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் வேண்டும். 2002-இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம்; காசு கிடையாது, கருவிகளுக்கும் குறைவில்லை. சிக்கல் என்னவென்றால், அது ஒருவர் தன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்காக உருவானது. நாங்கள் வரைபடத் தரவு இருக்கும் ஜியோபேக்கேஜ் கோப்பை கூகுள் டிரைவில் போட்டுவிட்டு, இரண்டு பேர் அவரவர் கணினியில் திறந்தோம். மாலையில் பார்த்தால் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்: ஒன்றில் கிழக்குத் தெருக்கள், மற்றதில் மேற்குத் தெருக்கள். ஒட்டவைக்க ஒரு நாள் போயிற்று.

ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்துக்குப் போகலாம் என்றான் ஒருவன். அதில் நெடுவரிசைத் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கும் சரி, அதன் தலையில் வைக்கும் புள்ளிக்கும் சரி, தலைக்கு 3 பைட். ‘தண்ணீர்’ என்று எழுதினால் ‘தண்’ணோடு இடம் தீர்ந்துவிடும்!

கோப்பு இரண்டாகப் பிரியும் சிக்கலுக்கு மருந்து, கியூஜிஐஎஸ்ஸோடு சேர்ந்து இயங்கும் கியூஃபீல்டு, மெர்ஜின் மேப்ஸ் போன்ற கைப்பேசிச் செயலிகள். தெருவில் இணையம் இல்லாமலே குறித்துக்கொண்டு வந்து பிறகு ஒத்திசைக்கலாம். மெர்ஜின் மேப்ஸ் கோப்பை முழுதாக மாற்றாமல் வரி வரியாக இணைக்கும். சேவையகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், எல்லோரும் ஒரே இடத்தில் எழுதும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம் இன்னும் உறுதி.

இணையத்திலேயே இயங்கும் ஆர்க்ஜிஐஎஸ் ஆன்லைன், 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எஸ்ரி நிறுவனத்துடையது. அமைப்பில் சொல்லி வைத்தால், எந்தப் புள்ளியை யார், எப்போது கடைசியாகத் திருத்தினார் என்பதை அதுவே குறித்து வைக்கும். கணக்கெடுப்புப் படிவமும் கூடவே வரும். வசதியில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் ஆளுக்கொரு உரிமம், ஆண்டுதோறும் கட்டணம். கல்லூரி கட்டும் வரை கவலையில்லை. படிப்பு முடிந்ததும் கணக்கும் முடிந்துவிடும். தரவை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளாதவர் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு வார வகுப்புப் பயிற்சிக்கு மை மேப்ஸ் போதும். ஒரு பருவம் முழுக்க ஓடும் ஆய்வுக்கு, கல்லூரி உரிமம் கையில் இருந்தாலும், கியூஜிஐஎஸ்ஸும் கைப்பேசிச் செயலியும் சேர்ந்த ஏற்பாட்டைத்தான் நான் எடுப்பேன். ஒரு எச்சரிக்கை: தூரத்தை மீட்டரில் அளக்கப் பூமியை நெடுக்காகப் பிரித்த பட்டைகளில் எது என்பதை, அதாவது யூடிஎம் மண்டலத்தை, முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மதுரை நகரம் 44-இல், பக்கத்திலுள்ள திண்டுக்கல் 43-இல்.

எதை எடுத்தாலும், வீட்டு வருமானம் கேட்டுக் குறித்த புள்ளிகளைப் பொது இணைப்பில் விடக்கூடாது. மை மேப்ஸில் பகிர்வது சுலபம் என்பதாலேயே அங்கே ஆபத்து அதிகம். நாங்கள் வீட்டுப் புள்ளிகளை நீக்கிவிட்டுத் தெருவாரியான எண்ணிக்கையை மட்டும் வெளியே காட்டினோம். வரைபடம் கொஞ்சம் வெறிச்சோடித்தான் போயிற்று.